இறகு வாங்கிய ஓணான்

மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. அதைத் தின்ன ஓடிவந்த பெண் ஓணானைக் கீரி புற்று வாசலில் மறித்தான்.

"யாரு, எவருன்னு விவரம் சொல்லிட்டுப் போ. இல்லேன்னா, ஊருக்கே தெரிஞ்ச காக்காகிட்ட ஒரு இறகு வாங்கிட்டு வா, போதும்."

விவரம் சொல்லி முடிப்பதற்குள் ஈசல் தீர்ந்துவிடுமே! ஓணான் காக்காயிடம் ஓடினாள்.

"அண்ணே, சீக்கிரம் ஒரு இறகு!"

"இரு தங்கச்சி. இந்த இறகு உன்னைப் பத்திக் கீரிகிட்டச் சொல்லும். பேரைச் சொல்லலாமா?"

தலையாட்டினாள். அதை அவள் இனத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

"குடியிருக்கிற வேலியை?"

ஆட்டினாள்.

"முட்டையைப் புதைச்ச இடத்தை?"

அதற்கும் ஆட்டினாள். நினைப்பெல்லாம் ஈசல் மேல் இருக்க, கேள்வி எங்கே காதில் ஏறும்!

கீரியிடம் இறகை நீட்டி, உள்ளே போய் வயிறு முட்டத் தின்று, ஆடி அசைந்து வேலிக்குத் திரும்பினாள். மண் தோண்டிக் கிடந்தது. குழியில் முட்டைத்தோல்தான் மிச்சம். சுற்றிலும் கீரியின் கால்தடம்.

"அடப்பாவி அண்ணே! காட்டிக்கொடுத்துட்டியே!"

வேலி மேல் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த காக்கா நிதானமாகக் கேட்டான்.

"ஒவ்வொண்ணா உன்கிட்டக் கேட்டேனா இல்லையா?"

அவள் வாய் திறப்பதற்குள் தலை ஆடிவிட்டது.