கதவருகே மீன் தட்டு

அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்போடு, ஞானகுமாரி அறைக்கதவை லேசாகத் திறந்து மீன் தட்டை உள்ளே தள்ளிவிட்டு மூடினாள். பிறகு தன் தட்டோடு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கும் வெளிய வரலையா?" என்றான் ரெனிஷ்.

கல்யாணமாகி ஒரு மாதம். அவன் வீட்டில் நாய் இருந்தது. அவள் பூனையோடு வந்திருந்தாள்.

"இல்லைங்க. ஆனா நேத்து வெச்ச மீன் காலி."

"கூப்பிட்டுப் பாரேன்."

"கூடாது. பூந்தமல்லி நாய் டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. முகத்தையே உத்துப் பாக்கக் கூடாது. பயம் தெளிஞ்சு தானா வரணும்."

"எத்தனை நாளைக்குத்தான் இப்படி?"

"எனக்கு மட்டும் அலுப்பா இல்லையா?"

கதவு மெதுவாகத் திறந்தது. சோபாவில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிய நாயும் பூனையும் தலையைத் தூக்கிப் பார்த்தன.

காலித் தட்டோடு நின்றாள் ஸ்வீட்லின், ரெனிஷின் முதல் தாரத்து மகள்.

"இன்னொரு துண்டு இருக்கா... ஆன்ட்டி?"

ஞானகுமாரி அவள் முகத்தைப் பார்க்காமல், தான் இன்னும் தொடாத மீன் துண்டை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள்.

ஸ்வீட்லின் உள்ளே போகவில்லை.