மூணு நாள் தூரம்

"வாசுகி, அங்கேயே நில்லு! அடுப்பாண்ட போகாதே. நீ இன்னிக்கு தூரம்."

ஹாலில் எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி மாமியார் ஜலஜா இதைச் சொன்னாள்.

வாசுகிக்குக் காது மடல் வரை சுட்டது.

அன்றைக்கு துர்கா பூஜை சப்தமி. லேக் கார்டன்ஸ் முழுக்கக் காலையிலிருந்தே கொட்டுச் சத்தம். பாங்குக்கு லீவு விட்டாயிற்று. வேலைக்கு வரும் கல்பனா மாஷி, வங்காளியில் 'பூஜோ சுட்டி', அதாவது பூஜை விடுமுறை என்று ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் சுட்டி. வாசுகிக்கு மட்டும் சென்னையிலிருந்து மாமனாரின் தங்கை ஷியாமளா அத்தை, குடும்பத்தோடு ஆறு பேர்!

மூன்று நாளாக நின்ற காலில் நிற்கிறாள். நேற்று லேக் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை காய்கறியைத் தூக்கிக்கொண்டு மாடியேறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முடியலை" என்று கணவன் ஜெய்ராமிடம் சொல்லியும் பார்த்தாள்.

"நாலு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான் அவன், மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்தத் தூரம் சமாசாரமே வாசுகிக்கு வேப்பங்காய். பாங்கில் இருபது பேரை மேய்க்கிற மானேஜர், வீட்டில் மாசம் மூன்று நாள் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது! பன்னிரண்டு வருஷமாய்ச் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டாள். மாமியாரோ மளிகைக்கடை காலண்டரில் சிவப்புப் பென்சிலால் தேதிக்கு வட்டம் வேறு போட்டு வைப்பாள்.

அதுகூடப் போகட்டும். இன்றைக்குத் தேதியே தப்பு. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

"இல்லைம்மா, எனக்கு இன்னும்..."

"பேசாதே. பெருமாளுக்குத் தளிகை பண்ற இடம். உள்ளே போய்ப் படு."

அத்தையின் காலேஜ் பிள்ளைகள் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் எதிரில் இதற்கு மேல் என்னத்தை வாதாடுவது? வாசுகி பின்னறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"அப்போ தளிகைக்கு?" ஜெய்ராமின் குரல் பரிதாபமாகக் கேட்டது.

"எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு, நிக்க முடியாது. ஷியாமளா ஊர்லேர்ந்து வந்தவ. நீயும் அப்பாவும் பண்ணுங்கோ. புருஷா கை வெச்சா அடுப்பு எரியாதா என்ன?"

கிழவி வேண்டுமென்றே என் மானத்தை வாங்குகிறாள் என்று வாசுகி அழுதாள். அழுதுகொண்டே தூங்கியும் போனாள்.

விழித்தபோது மணி நாலு. நெற்றியில் ஒரு கை இருந்தது. மாமியார் கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கையில் காப்பி.

வாசுகி விலுக்கென்று எழுந்தாள். "தொடறேளே! தூரம்னேளே?"

"உனக்குத்தான் இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே. காலண்டர்ல வட்டம் போடறவ நான்தானே?"

"தெரிஞ்சுமா அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னேள்?"

"நேத்து நீ ஜெய்ராமண்ட முடியலைன்னு சொன்னியே, நானும் கேட்டுண்டுதான் இருந்தேன். பொம்மனாட்டி அசதின்னா இந்த ஆத்துல ஒருத்தர் காதுலயும் விழாது. தூரம்னு சொல்லு, மறு பேச்சில்லாம கத்திரிக்காய் நறுக்குவா. காப்பியைக் குடி, ஆறிடப் போறது."

வாசுகி குடித்தாள். கோபம் முழுசாய்ப் போகவில்லை. ஆனால் உடம்பு லேசாகியிருந்தது.

ஹாலிலிருந்து ஷியாமளா அத்தையின் குரல் வந்தது. "அண்ணா, மத்தியானம் சாத்தமுது அமிர்தம்! எங்கே கத்துண்டே?"

"எல்லாம் ஜலஜா புண்ணியம்" என்றார் மாமனார் பெருமையாக. "மாசம் மூணு நாள், முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்!"

வாசுகி டம்ளரைக் கீழே வைத்தாள். பகலெல்லாம் பாங்கில் இருக்கிறவளுக்கு மாமனாரின் இந்தச் சமையல் புதுச் செய்தி. அதுவும் முப்பத்தெட்டு வருஷமா? கல்யாணத்தின்போது மாமியாருக்கு இருபத்திரண்டு வயது.

"ஏம்மா, அறுபது வயசு வரைக்குமா உங்களுக்கு...?"

ஜலஜா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நாப்பத்தெட்டோட நின்னு போச்சுடி. உன் மாமனாரண்ட மட்டும் இன்னும் சொல்லலை."