ஸ்டெய்ன்வோர் பெயரின் மேல் ஒரு கோடு

“தொகுதி முழுக்க நம்ம ஸ்டெய்ன்வோர் பேரு மேல ஒரே ஒரு கோடுதான். யாருய்யா அந்த மகராசன்? கையத் தூக்கு, ஒரு காப்பி வாங்கித் தர்றேன்!”

செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி ஓக்முந்துர் கத்தினான். மீன் தொழிற்சாலையில் காப்பி எப்போதுமே இலவசம். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் குனிந்து ரப்பர் பூட்ஸைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

எங்கள் வாக்குச்சீட்டில் கட்சியின் அடையாள எழுத்துக்குக் கீழே வேட்பாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கட்சிக்குக் குறி போட்டுவிட்டு, பிடிக்காத பெயரை அடித்துவிடலாம். இதற்கு முந்தைய எந்தத் தேர்தலிலும் நான் அடித்ததில்லை. கட்சியின் எழுத்தை உருவம் பார்த்துத்தான் தெரியும். பெயர்களைப் படிக்க முடிந்தது இந்த முறைதான்.

என் கோட்டால் எதுவும் மாறவில்லை. கட்சிக்குக் கிடைத்தது இரண்டு இடம், எங்களோடு வேலை செய்யும் ஸ்டெய்ன்வோர் ஐந்தாவது பெயர்.

தேர்தலுக்கு முந்தின வாரம், துறைமுகக் கூட்டத்தில் அவள் ஒலிபெருக்கியில் சொன்னாள்: “நம்ம தோர்கெல் அம்பத்திரெண்டு வயசுல எழுத்துப் படிச்சான். அவனால முடிஞ்சது இந்த ஊரால முடியாதா?”

ஊரே திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டியது. எனக்குக் காது எரிந்தது.

பெருமையாகத்தான் சொன்னாள் என்பது வாக்குச்சாவடியில் உறைத்தபோது பென்சில் அவள் பெயரைத் தாண்டியிருந்தது.

இப்போது ஸ்டெய்ன்வோர் காப்பிக் குடுவையை மேசையில் வைத்தாள்.

“நான்தான்யா அடிச்சேன். தப்பித்தவறி ஜெயிச்சுத் தொலைச்சா, ரெய்க்யாவிக் பார்லிமெண்டுல போயி யாரு நாள் முழுக்கக் கோட்டு மாட்டிக்கிட்டு உக்கார்றது?”

அறை அதிர்ந்தது. ஓக்முந்துர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாளை மடித்தான். பேச்சு அதோடு முடிந்தது.

சிரிக்க வைத்தால் அவள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். இன்று பார்க்கவில்லை. முறுக்கு ரொட்டித் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

ஒன்று எடுத்தேன்.

இருந்தது ஒரே ஒரு கோடு. அதை அவள் போடவில்லை.

நான்கு குளிர்காலம், வேலை முடிந்த பிறகு, இதே மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளை விரல் வைத்துக் காட்டியவள் அவள். நான் முதன்முதலில் தடுமாறாமல் படித்தது அவள் பெயரைத்தான்.

சீட்டில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.