அக்கரைக் கூலி

"ஒரு வார்த்தை பேசுங்கப்பா. திட்டுங்க, அதுகூடப் போதும்," என்றான் கிளியாந்தர்.

கப்பல் தட்டில் படுத்திருந்த கிழவர் தெயாரியோன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏஜினாத் தீவையே ஏதென்ஸ் படை காலி செய்துவிட்டது. சோதித்து, இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் சனங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். வீட்டுப் பணப்பையைக் கிளியாந்தர் தன் கையாலேயே அவிழ்த்துக் கொடுத்தான். அந்த நொடியிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை.

"மீன்காரியையே அழவெச்ச வாய். இப்ப கஞ்சிக்குக்கூடத் திறக்க மாட்டேங்குது," என்றாள் அவன் மனைவி மிர்ட்டோ.

"நான் கத்தியை எடுத்திருக்கணும்னு நெனைக்கிறாரு."

"எடுத்திருந்தா இந்நேரம் உங்களுக்கும் சேர்த்து அழுதுக்கிட்டிருப்பேன். சத்தமா பேசாதீங்க, காவலாளுங்க வர்றாங்க."

கப்பலிலும் சோதனை நிற்கவில்லை. கூந்தலில் மோதிரத்தை ஒளித்திருந்த ஒருத்தியின் முதுகில் சற்றுமுன்தான் தடி விழுந்திருந்தது.

பொழுது சாயும்போது கிழவருக்கு மூச்சு இழுத்தது.

"ஏங்க, மாமா வாயில வைக்க ஒரு காசு வேணுமே," என்று மிர்ட்டோ கிசுகிசுத்தாள். "கூலி இல்லாம செத்தவங்களை அந்தப் பாதாள ஆத்துப் படகுக்காரன் ஏத்த மாட்டானே. இக்கரையிலேயே அலைய விட்டுருவானே."

கிளியாந்தர் கப்பல் முழுக்கக் கெஞ்சிப் பார்த்தான். எல்லோரும் கையை விரித்தார்கள். ஆமை பொறித்த ஏஜினாக் காசு, மீன் செதில் அளவுக்குக்கூட யாரிடமும் மிஞ்சவில்லை. அவன் திரும்பி வந்தபோது அப்பாவின் மூச்சு நின்றிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த ஏதென்ஸ் காவலன் ஒருவன் அருகே வந்தான். ஆந்தை பொறித்த சின்ன வெள்ளிக் காசு ஒன்றை நீட்டினான்.

"இந்தாய்யா. எங்கப்பன் செத்தப்ப நான் பக்கத்துல இல்லை. வெச்சு அனுப்பு."

"உங்க ஆந்தையோடயா எங்கப்பா போகணும்?"

"அந்தப் படகுக்காரன் ஊர் பார்க்க மாட்டான்யா."

மிச்சமிருந்த ரோஷத்தையும் விழுங்கிவிட்டுக் கிளியாந்தர் அதை வாங்கினான். காவலனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அப்பாவின் வாயை மெல்லத் திறந்தான்.

சந்தை நாட்களில் அவர் வழக்கமாகச் சில்லறையை ஒதுக்கிக்கொள்ளும் அதே கன்னத்துக்குள், ஒரு வெள்ளி ஆமை பத்திரமாகப் படுத்திருந்தது.

அவன் வாயை அழுத்தி மூடினான். எழுந்துபோய் ஆந்தைக் காசைத் திருப்பிக் கொடுத்தான்.

காவலனின் முகம் சுண்டிப்போனது. "ஏன், எங்க காசு ஆகாதோ? அவ்வளவு கோபமா? ஒரு வார்த்தை சொல்லேன்யா."

கிளியாந்தர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.