லென்ஸ் டப்பாவில் இரண்டு வீடுகள்

சனிக்கிழமைதோறும் ஆபீஸ் என்று கிளம்பும் கணவன் அருள்வேந்தனைச் செண்பகா நம்பவில்லை. அவன் கண் லென்ஸ் வைக்கும் டப்பாவை ரகசியமாக ஆய்வகத்தில் கொடுத்தாள்.

டப்பாவின் ஈரத்திலிருந்த அமீபாக்களுக்குள் குடியிருந்த பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்துவிட்டு, ஆய்வகப் பெண் சொன்னாள்: "வீட்டுக்கு வீடு தொட்டித் தண்ணில இது மாறும் மேடம். ஊர்ல எல்லா வீட்டுத் தண்ணியையும் எடுத்து முகவரியோட பதிவு பண்ணி வெச்சிருக்கோம். இதுல ரெண்டு வீட்டுத் தண்ணி இருக்கு. ஒண்ணு உங்களோடது."

"இன்னொண்ணு?"

அவள் நீட்டிய தாளில் இருந்த முகவரியைச் செண்பகா இரண்டு முறை படித்தாள். காதல் கல்யாணம் செய்த அன்று அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய அப்பாவின் வீடு அது.

மாலையில் அருள்வேந்தன் திரும்பியதும், "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

அவன் தோள்பையைக் கீழே வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "கீழ விழுந்ததுலேருந்து நடக்க முடியல. நான் லென்ஸைக் கழட்டி வெச்சுட்டு அவரைக் குளிப்பாட்டினா ஒத்துக்குறார். உன் பேரை மட்டும் எடுக்க விடமாட்டேங்குறார்."