ஏழாவது விரல்

முப்பத்தொரு வருடங்களாகக் கோப்பையைப் பார்க்காத முல்லை கபடிக் குழுவுக்கு இன்னும் ஒரே புள்ளி. நாலு பேர் அமுக்கிய நிலையிலும் மருதையன் நடுக்கோட்டுக்கு விரலை நீட்டிவிட்டான்.

“தொட்டுட்டேன் சார்! விரல்ல சுண்ணாம்பு பாருங்க!”

“அட போடா! ஆட்டத்துக்கு முன்னாடியே ஏழு பேரும் கோட்டைத் தொட்டுக் கும்பிடுறவங்கதானே? அந்தச் சுண்ணாம்புதான் அது!” என்றான் எதிரணி கேப்டன் பிலவேந்திரன்.

நடுவர் மண்டியிட்டு, கோட்டில் பதிந்த விரல் தடங்களை எண்ணினார். கும்பிட்டவை ஏழு; எட்டாவது ஒன்று இருந்தால் கோப்பை.

“ஏழுதான்.”

மருதையன் தன் விரலைப் பார்த்தான். பஸ் தாமதம். இன்று அவன் மட்டும் கும்பிடாமல் இறங்கியிருந்தான். அந்த ஏழாவது தடம் இப்போது விழுந்ததுதான். ஆனால் கும்பிடாதவனுக்கு முல்லைக் குழுவில் இடமில்லை.

“சார்…” என்றான்.

நடுவரின் விசில் உதட்டருகே நின்றது.