இரண்டாவது திரை

"அந்த ரெண்டாவது பெட்டி வேணாம் டாக்டர். லைட் போச்சுன்னா அதுக்கு மாத்துப் பல்ப் வர ரெண்டு மாசம் ஆகும்," என்றான் மெக்கானிக்.

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய சின்ன அறை. மேஜைமேல் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே விடும் மெல்லிய குழாய், அதில் மாட்டும் கேமரா, படம் தெரியும் திரை என்று இரண்டிலும் எல்லாம் இருந்தன. தொண்டு நிறுவனம் ஒன்று இரண்டு செட்டையும் அனுப்பி, ஒன்றை இனாமாக வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடச் சொல்லியிருந்தது. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

"இதப் பாருங்க," என்று மெக்கானிக் முதல் பெட்டியைத் தட்டினான். "பல்ப் பல வருஷம் எரியும். கரண்டு போனாலும் பேட்டரியில ஒரு மணி நேரம் தாங்கும். வெளிச்சம் கொண்டு போற கேபிள் ரெண்டு கூடுதலா வெச்சிருக்காங்க. வேற என்ன வேணும்?"

"திரை?" என்றார் டாக்டர்.

"கையகலம்தான். உங்க கண்ணுக்கு நேரா இருக்கும்."

"இன்னொரு திரை மாட்ட முடியுமா?"

"அதுக்கு இதுல வழியில்ல."

"அப்ப ரெண்டாவது பெட்டிதான். அதுல ரெண்டு பெரிய திரை இருக்கு. ஒண்ணை சிஸ்டர் நிக்கிற பக்கம் வெக்கணும்."

தலைமை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கெதுக்கு டாக்டர் டிவி? கேட்ட சாமானை எடுத்து நீட்டறவ நான். பத்து வருஷமா உங்க முகத்தைப் பார்த்தே பழகிட்டேன்."

பழைய கருவியில் திரையே கிடையாது. குழாயின் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். டாக்டர் குனிந்து பார்க்க, சுற்றி நிற்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏழு மாதமாக அந்தக் கருவி அலமாரியில் கிடந்தது. பித்தப்பைக் கல்லோடு வருகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் வயிற்றைத் திறந்தே ஆபரேஷன் செய்தார். அவர்கள் பத்து நாள் படுக்கையில் கிடந்தார்கள். கூலிக்குப் போகிறவர்கள் தையல் பிரிக்கும்முன்பே எழுந்து போய்ச் சுமை தூக்கி, சீழ் வைத்துத் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கருவியில் கடைசியாக ஆபரேஷன் செய்துகொண்டவள் மெக்கானிக்கின் அக்கா. "துளை போட்டுப் பண்ணினா மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்க்கா," என்று அழைத்து வந்தவன் அவன்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

பாதியில் உள்ளே வெளிச்சம் மங்கிவிட்டது, கேபிளில் ஏதோ கோளாறு என்று டாக்டர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதினார். கேபிளைப் பராமரிப்பவன் மெக்கானிக்.

அவனுடைய அத்தான் அதற்குப் பிறகு அவனை வாசலில் கால் வைக்க விடவில்லை. அக்காவின் இரண்டு பெண்களையும் அவன் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வருவான். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சின்னவள் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள்.

"மெக்கானிக் தம்பி சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது," என்றார் நர்ஸ். "முதல்ல வெளிச்சம். மத்ததெல்லாம் அப்புறம்."

"ரெண்டாவது பெட்டின்னு எழுதுங்க சிஸ்டர்."

மெக்கானிக்கின் குரல் உடைந்தது. "எங்க அக்கா போனது போதாதா டாக்டர்? நான் ஒரு கேபிளைச் சரியாப் பார்க்காம விட்டேன். அதுக்கு ஒரு உசிரு போச்சு. நல்ல லைட்டு வாசல் தேடி வந்திருக்கு, நீங்க பெரிய படம் பார்க்கணுங்கறீங்க. இன்னொருத்தன் வீட்டுலயும் எழவு விழணுமா?"

நர்ஸ் அவன் தோளைத் தொட்டார். வார்டிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். டாக்டரை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்காரவில்லை.

"அந்தக் கேபிளைக் கழட்டிப் பார்த்தியா?"

"பார்க்காம இருப்பேனா? தினமும் பார்க்கிறேன். ஜன்னல் வெளிச்சத்துல ஒரு முனையைக் காட்டினா மறு முனையில அஞ்சே அஞ்சு கரும்புள்ளி தெரியுது. ஆயிரக்கணக்கான கண்ணாடி இழையில அஞ்சு அறுந்தா உள்ள இருட்டாகாது டாக்டர். எத்தனையோ மணி நேரம் எரிய விட்டும் பார்த்துட்டேன், ஒரு தடவைகூட மங்கல. அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சுன்னு புரியாமத்தான் தூக்கம் போச்சு எனக்கு."

டாக்டர் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாயங்காலம் உங்க அத்தானைப் பார்க்க நானே போறேன்," என்றார். "பதிவேட்டுலயும் மாத்தி எழுதறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அன்னைக்கு வெளிச்சம் மங்கவே இல்லப்பா. எல்லாம் பளிச்சுன்னுதான் இருந்துச்சு. உள்ள வெட்டக் கூடாத பித்தக் குழாயை வெட்டினது நான், அது தப்புன்னு சொல்ல என் கண்ணைத் தவிர இன்னொரு கண்ணு அங்க இல்ல."